முதுகை நிமிர்த்து, முழங்காலை மடக்கு

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன், அதாவது தேங்க்ஸ்கிவிங், முடிந்த கையோடு ஒருவகை அறிவுரை ஊரெங்கும் சுற்ற ஆரம்பிக்கும். பத்திரிகைகளின் உடல்நலப் பக்கம், இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம், ஆபீஸ் ஹெச்.ஆர். மின்னஞ்சல், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். பண்டிகைக் காலம் வந்துவிட்டது, முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்கும்போது முதுகை நிமிர்த்தி முழங்காலை மடக்குங்கள். பொருளை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். இடுப்பைத் திருகாதீர்கள். பரணிலிருந்து கிறிஸ்துமஸ் மரத்தை இறக்க இன்னொருவரைக் கூப்பிடுங்கள். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் எங்களுக்கும் அது வரும். எங்கள் வீட்டில் பரண் உண்டு, மரம்தான் இல்லை.

நான் பார்ப்பது கிடங்கு மென்பொருள். ஒரு பார்சல் எந்த பெல்ட்டில் போக வேண்டும், எந்த லாரியில் ஏற வேண்டும், அதை யார் எத்தனை மணிக்கு ஸ்கேன் செய்தார் என்பதெல்லாம் எங்கள் டேபிள்களில் இருக்கும். நவம்பர் நடுவிலிருந்து புதுவருஷம் வரை கோட் ஃப்ரீஸ், ஒரு வரி மாற்றக்கூட மூன்று பேர் கையெழுத்து வேண்டும். ஆனால் திரையில் ஓடும் எண் மட்டும் ஃப்ரீஸ் ஆகாது. ஆளுக்கு மணிக்கு எத்தனை பார்சல் என்ற எண் அது. டிசம்பரில் அது ஏறிக்கொண்டே போகும். பக்கத்து டேப்பில் அந்த அறிவுரை மின்னஞ்சல் திறந்திருக்கும். முழங்காலை மடக்கச் சொல்வது எங்கிருந்து வந்தது, அது வேலை செய்கிறதா என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்ற கேள்வி எனக்கு அப்படித்தான் வந்தது. சோதித்திருக்கிறார்கள். அதுவும் தபால்காரர்களை வைத்து. அதற்குப் போகும் முன் முதுகின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மனுஷன் சுமை தூக்க ஆரம்பித்த நாளிலிருந்தே முதுகு வலித்திருக்கும். 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனிநூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி, சுமை தூக்குகிறவர்களின் உடம்பு என்னவாகிறது என்பதையும் எழுதியிருக்கிறார். ஆனால் நெடுங்காலம் ஐரோப்பாவில் முதுகுவலியை ஒரு ‘அடி’யாக, காயமாக யாரும் பார்க்கவில்லை. அது வாதம். ஈரத்தாலும் குளிராலும் வருவது. நம் ஊரில் ‘வாயு பிடிச்சுக்கிச்சு’ என்று சொல்வதற்குப் பக்கத்துச் சொந்தம். அதை மாற்றியது ரயில். விபத்துகளில் சிக்கியவர்கள் நஷ்டஈடு கேட்டு ரயில்வே கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுக்க, 1866-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் ரயில் விபத்துகளில் முதுகுத்தண்டு படும் பாட்டைப் பற்றிய தன் உரைகளை நூலாக வெளியிட்டார். அதிலிருந்து முதுகு காயப்படக்கூடிய உறுப்பானது. காயமென்றால் காரணம் வேண்டும். காரணமிருந்தால் பொறுப்பாளியும் வேண்டும்.

அடுத்த திருப்பம் பாஸ்டனில். 1934-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மிக்ஸ்டர், பார் இருவரும் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணம் என்று கட்டுரை எழுதினார்கள். இன்று நம் சித்தி ‘டாக்டர் ஜவ்வு விலகியிருக்குன்னு சொல்லிட்டார்’ என்று சொல்லும்போது, அவரை அறியாமல் அந்தக் கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டுகிறார். 1960-களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் உயிருள்ள மனிதர்களின் டிஸ்குக்குள் ஊசியைச் செலுத்தி, எப்படி நின்றால், எப்படிக் குனிந்தால் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். படங்களாக உலகம் முழுக்க ஃபிசியோதெரபி அறைச் சுவர்களில் அந்த அளவுகள் தொங்கின. முதுகு ஒரு கிரேன், டிஸ்க் அதன் வாஷர் என்றானது. கிரேன் பழுதானால் ஓட்டுகிறவருக்கு ஒழுங்காக ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே?

1969-இல் ஸ்டாக்ஹோம் அருகே டான்டெரிட் மருத்துவமனையில் ‘முதுகுப் பள்ளி’ தொடங்கியது. நோயாளிகளுக்கு முதுகின் அமைப்பு, உட்காரும் முறை, தூக்கும் முறை எல்லாம் வகுப்பெடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். அங்கிருந்து அது தொழிற்சாலைகளுக்குப் பரவியது. செலவும் குறைவு. ஒரு ஹால், ஒரு ஃபிசியோதெரபிஸ்ட், நாலு படம்.

இப்போது தபால்காரர்களிடம் வரலாம். 1913 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் அமெரிக்கத் தபால்காரர் அதிகபட்சம் 4 பவுண்டு எடையுள்ள பொட்டலத்தைச் சுமந்தார், அதாவது 2 கிலோவுக்கும் குறைவு. பெரிய பார்சல் எல்லாம் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. அன்று அரசு பார்சல் சேவையைத் தொடங்கியபோது உச்சவரம்பு 11 பவுண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் பக்கத்து ஊர்களுக்கு 20 பவுண்டு. அடுத்த ஜனவரியில் 50. ஒரே ஆண்டில் தபால்துறை 5 கிலோவிலிருந்து ஏறக்குறைய 23 கிலோவுக்கு வந்துவிட்டது. பிற்பாடு அது 70 பவுண்டு, ஏறத்தாழ 32 கிலோ ஆனது. முதுகெலும்பு என்னவோ அதேதான்.

வரம்பை ஏற்றினால் மக்கள் அதன் விளிம்பு வரைக்கும் போவார்கள் என்பது மென்பொருள் எழுதுகிற எவருக்கும் தெரியும். 1916-இல் யூட்டா மாநிலத்தில் வெர்னல் என்ற சிற்றூரில் ஒரு பேங்க் கட்டினார்கள். செங்கல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வர வேண்டும். சரக்கு வாடகையைவிடத் தபால் செலவு கம்மி. ஆகவே பல்லாயிரம் செங்கற்களை 50 பவுண்டு பொட்டலங்களாகக் கட்டி ‘தபாலில் போட்டார்கள்’. ரயிலிலும், பிறகு மலைப்பாதையில் வண்டிகளிலும் ஒரு கட்டடமே பார்சலாகப் போனது. தபால்துறை விழித்துக்கொண்டு, ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நாளில் 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக்கூடாது என விதி போட்டது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. வேடிக்கைக் கதையாக இதை எல்லோரும் சொல்கிறார்கள். ஏற்றி இறக்கியவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

கிறிஸ்துமஸ் நெரிசலைக் குறைக்க நடந்த மிகப் பழைய முயற்சி முழங்காலைப் பற்றியதே அல்ல. 1899-இல் தொடங்கிய தேசிய நுகர்வோர் லீகின் பொதுச்செயலாளராக இருந்தவர் ஃப்ளாரன்ஸ் கெல்லி. டிசம்பரில் கடைச் சிப்பந்திப் பெண்கள் நள்ளிரவுவரை கூடுதல் சம்பளமில்லாமல் நிற்பதையும், பொட்டலம் கொண்டுபோகும் சிறுவர்கள் ராத்திரியில் தெருத்தெருவாக அலைவதையும் அவர் கண்டித்தார். லீகின் கோரிக்கை வாங்குகிறவர்களை நோக்கியது. சீக்கிரம் வாங்குங்கள், பகலில் வாங்குங்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். பின்னர் தபால்துறையும் ‘சீக்கிரம் அனுப்புங்கள்’ என்று சேர்ந்துகொண்டது. எங்கள் பாஷையில் சொன்னால் இது லோடு பேலன்சிங். ஒரே வாரத்தில் குவியும் வேலையை ஆறு வாரத்துக்குப் பரப்புவது. நாளடைவில் கடைக்காரர்கள் அந்த வாசகத்தைத் தங்கள் விற்பனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘சீக்கிரம் வாங்குங்கள்’ இன்றும் விளம்பரங்களில் இருக்கிறது. யாருக்காகச் சொன்னது என்பதுதான் உதிர்ந்துபோனது.

சரி, அந்தச் சோதனை. 1997 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், பாஸ்டனைச் சேர்ந்த லாரன் டால்ட்ராயும் அவர் குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிக்ஸ்டர், பார் கட்டுரை 63 ஆண்டுகளுக்கு முன் வந்ததும் இதே இதழில்தான். தபால்துறை ஊழியர்கள் சுமார் 4,000 பேரைப் பணிக்குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்குப் பயிற்சி, எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். 2,534 ஊழியர்களுக்கும் 134 மேற்பார்வையாளர்களுக்கும் அனுபவமுள்ள ஃபிசியோதெரபிஸ்ட்கள் முதுகுப் பள்ளி வகுப்பெடுத்தார்கள். தூக்கும் முறை, நிற்கும் முறை, உடற்பயிற்சி எல்லாம் உண்டு. பிறகு ஐந்தரை ஆண்டுகள் பொறுமையாகக் கணக்கெடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் 360 பேருக்கு முதுகில் அடிபட்டது. பயிற்சி பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு காயத்துக்கு ஆன செலவிலும் இல்லை, விடுப்பு நாட்களிலும் இல்லை, திரும்பத் திரும்ப அடிபடுவதிலும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கூடியிருந்தது. எப்படித் தூக்க வேண்டும் என்பது பயிற்சி பெற்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இதை முதன்முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பாடம் மண்டையில் ஏறியிருக்கிறது. முதுகுக்கு அது போய்ச்சேரவில்லை. மறுநாள் காலை அதே மூட்டைதான், அதே உயரம், அதே வேகம்.

இத்தனைக்கும் இது 19 ஆண்டுகள் முன்பே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. தொழிலாளர் நஷ்டஈடு இன்சூரன்ஸ் நடத்தும் லிபர்ட்டி மியூச்சுவல் கம்பெனியின் ஆய்வாளர் ஸ்டோவர் ஸ்னூக் 1978-இல் மூன்று வழிகளை ஒப்பிட்டிருந்தார். உடற்கட்டு பார்த்து ஆள் எடுப்பது, தூக்கக் கற்றுக்கொடுப்பது, வேலையையே ஆளுக்கேற்ப மாற்றி வடிவமைப்பது. முதல் இரண்டாலும் குறிப்பிடும்படி பலனில்லை. மூன்றாவதால் முதுகுக் காயங்களில் மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கலாம் என்றார். சொன்னது தொழிற்சங்கம் அல்ல, காசு கட்டி ஓய்ந்த இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனாலும் முதுகுப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. பெல்ட்டின் உயரத்தை மாற்ற ஷிஃப்ட்டை நிறுத்த வேண்டும். வகுப்பெடுக்க வேண்டாம்.

வடிவமைப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு சமன்பாடே இருக்கிறது. அமெரிக்க அரசின் நயோஷ் ஆய்வு நிறுவனம் 1981-இல் வெளியிட்டு 1991-இல் திருத்தியது. எஞ்சினியரிங் படித்த கை சும்மா இருக்குமா, போட்டுப் பார்த்தேன். தொடங்கும் எண் 23 கிலோ. எல்லாம் உத்தமமாக இருந்தால் ஒருவர் தூக்கத்தக்க எடை அது. அப்புறம் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பின்னத்தால் பெருக்க வேண்டும். கைகள் கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குப் பதில் 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் பாதியாகிவிடும், 11.5 கிலோ. பெட்டி தரையில் கிடந்தால் 0.775-ஆல் பெருக்கு, கிட்டத்தட்ட 9. அதை 75 சென்டிமீட்டர் உயர்த்தினால் 7.8. எடுக்கும்போது 45 டிகிரி உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தால் 6.7. இது எப்போதாவது ஒருமுறை தூக்குகிறவருக்கு. எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க நிமிஷத்துக்கு 2 தடவை என்றால் 4.4 கிலோ. அதே ஷிஃப்டில் 6 தடவை என்றால் 1.8 கிலோ.

கடைசி இரண்டு எண்களைத் திரும்பப் பாருங்கள். அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் பெட்டி கனக்கவில்லை. ஆளும் மாறவில்லை. மாறியது தடவை மட்டும்தான், எங்கள் திரையில் ஏறும் அந்த எண். முழங்காலை மடக்கினாயா இல்லையா என்பதற்கு அந்தச் சமன்பாட்டில் இடமே கிடையாது. குனிந்து தூக்குவதா, குந்தித் தூக்குவதா என்ற பழைய சண்டையை 1999-இல் நெதர்லாந்தின் வான் டீன் குழு ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, குந்தித் தூக்குவதே சிறந்தது என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. பெட்டி இரண்டு முழங்காலுக்கும் நடுவே நுழையாவிட்டால் குந்துகிறவரின் கை இன்னும் தள்ளித்தான் போகும்.

75 சென்டிமீட்டர் என்பது நின்றபடி கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி வரும் உயரம். சமன்பாட்டுக்கு மிகப் பிடித்த உயரம் அதுதான். இதைப் படிக்கையில் எனக்கு நம் சாலையோரச் சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்காகப் போட்டது. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது நம் வழக்கம். அதன் உயரம் விரல் முட்டி அல்ல, தலைச்சுமைக்கானது என்பதால் தோளுக்குப் பக்கம். சும்மாட்டின் மேலிருக்கும் மூட்டையைக் குனியாமல், இன்னொருவரைக் கூப்பிடாமல் அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். நட்டவர்கள் நடந்து போகிறவருக்குக் குனியும் முறையைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எடையை யார் தீர்மானிப்பது என்ற சண்டை வெளிப்படையாக வெடித்தது 1994-இல். பார்சல் நிறுவனமான யூ.பி.எஸ். தன் வரம்பை 70 பவுண்டிலிருந்து 150-க்கு, அதாவது 68 கிலோவுக்கு, ஒரே தாவலில் உயர்த்தியது. பிப்ரவரி 7-ஆம் தேதி டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. ஒரு நாள்தான். 70 பவுண்டுக்கு மேலுள்ளதை உதவியாள் இல்லாமல் தூக்க வேண்டியதில்லை என்ற ஒப்பந்தத்தோடு முடிந்தது. வரம்பு இறங்கவில்லை, ஆனால் கூட ஓர் ஆள் வந்தார். இந்தக் கட்டுரையில் வரும் அத்தனை நடவடிக்கைகளிலும் முதுகுக்கு உருப்படியான ஒன்று எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நாடு முழுமைக்குமான சட்டம் வந்தும் போனது. தொழிலிடங்களுக்கு எர்கோனாமிக்ஸ் விதி கொண்டுவருவதாக அமெரிக்கத் தொழிலாளர் துறை அறிவித்தது 1990-இல், தந்தை புஷ் காலத்தில். பத்து ஆண்டுகள் இழுபறி. 2000 நவம்பரில், கிளின்டன் பதவியிறங்கும் தறுவாயில், ஓஷா அமைப்பு விதியை வெளியிட்டது. அடுத்த மாதமே இன்னொரு பெரிய ஆய்வும் வந்தது. ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 புதிய கடைகளில் சரக்கு கையாளும் ஊழியர்கள் இடுப்பில் கட்டும் பெல்ட்டால் பலன் உண்டா என்று நயோஷ் பார்த்தது. கிடங்கு லோடுமேன்கள் கட்டிக்கொள்ளும் அதே அகலப் பட்டை. பலனில்லை. பயிற்சியும் இல்லை, பட்டையும் இல்லையென்றால் மிச்சமிருப்பது வேலையை மாற்றுவது. அந்த விதி கேட்டதும் அதைத்தான்.

2001 ஜனவரி 16-இல் விதி அமலுக்கு வந்தது. செலவு தாங்காது, அறிவியல் இன்னும் தெளிவாகவில்லை என்று வணிக அமைப்புகள் எதிர்த்தன. வேலைக்கும் முதுகு, கை நோய்களுக்கும் தொடர்புண்டு என்று தேசிய அறிவியல் அகாதமியின் அறிக்கை அதே ஜனவரியில் வந்திருந்தது. மார்ச்சில் செனட் 56-க்கு 44 என்ற கணக்கிலும் கீழவை 223-க்கு 206 என்ற கணக்கிலும் விதியை ரத்து செய்தன. மார்ச் 20-இல் மகன் புஷ் கையெழுத்திட்டார். அமலில் இருந்தது இரண்டு மாதம். ரத்து செய்யப் பயன்பட்ட 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. காங்கிரஸ் புதிதாகச் சட்டம் இயற்றாமல், ஏறக்குறைய அதே மாதிரி விதியை ஓஷா திரும்பக் கொண்டுவரவே முடியாது.

அப்படியானால் தனிமனிதர் செய்ய ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பெல்ட்டும் வெறும் பாடமும் முதுகுவலியைத் தடுப்பதில்லை, உடற்பயிற்சி தடுக்கிறது என்றது. 2024-இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரில் ஒரு பாதிக்கு நடைப்பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள். வலி திரும்ப வருவதற்கான இடைக்காலம் நடக்காதவர்களுக்கு நடுமதிப்பாக 112 நாள், நடந்தவர்களுக்கு 208. என்னைப் போல நாற்காலியில் கிடப்பவர்களுக்கு இது நல்ல செய்தி, நானும் நடக்கிறேன். பத்து மணி நேர ஷிஃப்டில் ஏற்கெனவே மைல் கணக்கில் நடந்துவிட்டு வருகிறவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

எடையை விட்டுவிட்டுத் தடவையைத் தொட்ட சட்டம் கலிஃபோர்னியாவில் வந்தது. ஏ.பி. 701. 2021 செப்டம்பரில் கையெழுத்தாகி 2022 ஜனவரி 1-இல் அமலானது. பெரிய கிடங்குகளில் ஓர் ஊழியருக்கு மணிக்கு இத்தனை என்று இலக்கு இருந்தால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையையும் கழிவறைக்குப் போவதையும் கெடுக்கும் இலக்கு செல்லாது. இலக்கு தன் உரிமையைப் பறிக்கிறது என்று நினைக்கும் ஊழியர் கேட்டால், அவருடைய கடைசி 90 நாள் வேலை வேகக் கணக்கையும் தர வேண்டும்.

அந்தக் கணக்கு எங்களைப் போன்றவர்களின் டேபிள்களில்தான் இருக்கிறது. ஊழியர் எண், நேரம், ஸ்கேன் செய்த இடம், பார்சலின் எடை. மேலாளர்களுக்கான திரையில் பத்து வருஷமாக ஓடுகிற அதே தரவு. ஊழியர் பெயரைப் போட்டு 90 நாளுக்கு வெட்டி எடுப்பது ஒரு வேர் கண்டிஷன், இரண்டு நாள் வேலை. கோட் ஃப்ரீஸுக்கு முன்னாலேயே முடித்துவிடலாம்.